கார்டைக் கழற்றியது யார்?

காலை ஏழரை மணிக்கு இலை வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டதும் ஃபிட்டர் டீ டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு நார்ப் பட்டறை வாசலுக்கு வந்தார். இலை இறக்குவது அவர் வேலை அல்ல. ஆனால் வருகிற இலையைப் பார்த்தால்தான் அன்று எந்த மெஷின் மக்கர் பண்ணும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கட்டை அவிழ்த்து, மேலே இருந்த இலையை எடுத்து முழங்கையோடு வைத்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“என்னய்யா, வாள் கேட்டா பேனாக்கத்தி கொண்டாந்திருக்கே?”

“மழையே இல்லண்ணே. இது வளர்ற வரைக்கும் காத்திருந்தா உங்க பட்டறையில எல்லாரும் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான். பரவால்லையா?” என்றார் வண்டிக்காரர்.

அது மருள் இலை. வீட்டு வரவேற்பறைகளிலும் ஆபீஸ் வாசல்களிலும் அழகுக்குத் தொட்டியில் வைக்கிறார்களே, பாம்புத் தோல் மாதிரி வரி வரியாக, வாள் மாதிரி விறைத்து நிற்கும் செடி, அதன் இலைதான். தொட்டியில் பார்ப்பவர்களுக்கு அது வெறும் இலை. பட்டறைக்காரர்களுக்கு அதன் சதைக்குள் இருக்கும் வெள்ளை நார்தான் எல்லாம். தண்ணீரில் ஊறினாலும் இற்றுப்போகாது, இரண்டு ஆள் பிடித்து இழுத்தாலும் சட்டென்று அறாது. கயிறாகவும் பையாகவும் பாயாகவும் போகிறது.

அந்த நாரைப் பிரிப்பதற்குப் பட்டறையில் மூன்று மெஷின்கள் இருந்தன. உள்ளே பட்டைக் கத்திகள் பொருத்திய உருளை ஒன்று வேகமாகச் சுற்றும். ஒரு கையால் இலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு மறு நுனியை உள்ளே கொடுக்க வேண்டும். உருளை சதையை வழித்துத் தள்ளிவிடும். வெளியே இழுத்தால் பாதி இலை நாராகியிருக்கும். பிறகு அந்த நார்ப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மீதி பாதியை உள்ளே கொடுக்க வேண்டும். ஈர நார் வழுக்கும். அதனால் பெண்கள் அதை விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார்கள்.

கை உருளை வரைக்கும் போகாமல் இருப்பதற்காக ஒவ்வொரு மெஷினின் வாயிலும் தகரத்தால் ஒரு நீளப் பெட்டி மாட்டியிருந்தது. முழங்கை நீளம் இருக்கும். கைக்குக் காவல் என்பதால் பட்டறையில் அதற்குப் பெயர் கார்டு. இலை அதற்குள் போகும், கை அதன் வாசலோடு நின்றுவிடும். இலை நீளமாக இருக்கும்வரை ஒரு சிக்கலும் இல்லை. குட்டை இலை வந்தால் நடுவில் ஒரு சாண் உருளைக்கு எட்டாமல் பச்சையாகவே நின்றுவிடும். அதை வெட்டிக் குப்பையில்தான் போட வேண்டும்.

அன்று மதியத்துக்குள் குப்பை மேடு இடுப்பளவு உயர்ந்துவிட்டது. முதலாளியம்மா வந்து பார்த்தார். கணவர் போன பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தனியாகப் பட்டறையை நடத்துகிறவர். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். யாரையும் வாடா போடா என்று பேசியதில்லை. பை கம்பெனிக்கு மாதக் கடைசிக்குள் சரக்கு அனுப்பாவிட்டால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும் என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

“ஃபிட்டர், நடு மெஷின்ல கார்டை மட்டும் எடுத்துட்டா குட்டை இலை முழுசா உரியுமில்ல?”

“உரியும்மா. ஆனா கை கிட்டப் போகும்.”

“ரெண்டு வாரம்தான். மழை பெஞ்சு நல்ல இலை வந்ததும் மாட்டிடலாம். பார்த்து வேலை செய்யற ஆளா நிக்க வைப்போம். என்ன சொல்றீங்க?”

ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். அவர் வேண்டாம் என்று ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் அந்த அம்மா கேட்டிருப்பார். மெஷின் விஷயத்தில் ஃபிட்டர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. மெஷினில் காதை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பதால் பட்டறையில் அவரை டாக்டர் என்று கேலி செய்வார்கள். அந்த டாக்டர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நான்கு போல்ட்டைக் கழற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கார்டைக் கொண்டுபோய் ஸ்டோர் ரூமில் பழைய பெல்ட்டுகளுக்குப் பின்னால் சாத்தி வைத்தார்.

இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று. மழை பெய்தது, நிற்கவும் செய்தது. நடு மெஷினில்தான் நார் அதிகம் வருகிறது என்பதால் யாரும் கார்டைப் பற்றிப் பேசவில்லை. ஃபிட்டரும் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவியின் தங்கை வேலை தேடிக்கொண்டிருந்தாள். கணவன் லாரி டிரைவர். போனால் இருபது நாள் கழித்துத்தான் வருவான். வீட்டில் இவள் அக்கம்பக்கத்தாருக்குத் துணி தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ரெடிமேட் கடைகள் வந்த பிறகு அந்த வேலை சுருங்கிப்போனது.

“உங்க பட்டறையில சொல்லி விடுங்களேன்,” என்று மனைவி கேட்டாள். ஃபிட்டர் சொன்னார். மறு வாரமே சேர்த்துக்கொண்டார்கள்.

அவள் கை வேகம் அப்படி. மற்றவர்கள் ஒரு இலை முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிடுவாள். ஒரு மாதத்தில் அவளைக் குட்டை இலைக்கு, நடு மெஷினுக்கு மாற்றினார்கள். பக்கத்து மெஷின்காரிதான் அவளுக்கு மின்னல் என்று பேர் வைத்தாள். அப்புறம் பட்டறையே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. முதலாளியம்மாகூட, “எங்க நம்ம மின்னல்?” என்று கேட்பார். ஃபிட்டருக்கு உள்ளூரப் பெருமை. தான் கொண்டுவந்து விட்ட ஆள் அல்லவா?

எப்போதாவது அந்தப் பக்கம் போகும்போது, “பார்த்தும்மா, கை பத்திரம்,” என்பார்.

“சரி மாமா,” என்பாள் அவள், இலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஃபிட்டர் தண்ணீர்த் தொட்டியின் பம்பைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே உருளையின் சத்தம் ஒரு கணம் கனத்து மறுபடி லேசானது. ஏதோ அகப்பட்டிருக்கிறது என்று அவர் காதுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அலறல் கேட்டது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினார். உருளை உடனே நிற்கவில்லை. இன்னும் சில சுற்றுச் சுற்றித்தான் நின்றது.

விரலில் சுற்றியிருந்த நார் உருளையில் சிக்கிக் கையை இழுத்திருக்கிறது. சாதாரண நூலாக இருந்தால் அறுந்திருக்கும். மருள் நார் அறவில்லை. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. நடு விரல் பாதிக்கு மேல் இல்லை. முதலாளியம்மாவின் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஃபிட்டர் அவள் கையைத் துணியில் சுற்றி உயர்த்திப் பிடித்துக்கொண்டே போனார். வழி முழுக்க அவள் அழவில்லை. “வீட்டுல அடுப்பை அணைச்சேனான்னு தெரியல மாமா,” என்று இரண்டு தடவை சொன்னாள்.

அவளை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோன பிறகு முதலாளியம்மா அவரைத் தாழ்வாரத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டார். அவர் முகமும் வெளுத்திருந்தது.

“ஃபிட்டர், ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் எப்படியும் வருவார். நீங்க முதல்ல போய் அந்தக் கார்டை மாட்டிடுங்க.”

“அம்மா…”

“பட்டறையைப் பூட்டிட்டா முப்பது குடும்பம் தெருவுல நிக்கும். கழட்டினது நீங்க, சொன்னது நான். ரெண்டு பேருமே மாட்டிக்குவோம். அந்தப் பொண்ணை நான் கைவிட மாட்டேன். வைத்தியத்தை நான் பாத்துக்கறேன். நீங்க போங்க.”

அவர் போனார். நடு மெஷினைக் கழுவி வைத்திருந்தார்கள். ஸ்டோர் ரூமிலிருந்து கார்டை எடுத்துவந்து நான்கு போல்ட்டையும் முடுக்கினார். ஒரு போல்ட் இரண்டு தடவை கீழே விழுந்தது.

மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ஜலதோஷம் பிடித்த மனிதர். கைக்குட்டையும் ஃபைலுமாக மெஷினைச் சுற்றி வந்தார்.

“விபத்து நடந்தப்ப கார்டு மாட்டியிருந்ததா?”

முதலாளியம்மா ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“காலையில மாட்டித்தான் இருந்துச்சு சார். அந்தப் பொண்ணு வேகமா வேலை செய்யணும்னு கழட்டியிருக்கும்போல.”

“மின்னல்னே பேரு சார்,” என்று பட்டறைக் கணக்கைப் பார்க்கும் மேனேஜர் இடையில் புகுந்தார். “பேரைப் பாத்தாலே தெரியலையா? அவ்வளவு அவசரம்.”

ஆய்வாளர் தும்மினார். எழுதிக்கொண்டார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். மனைவி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து இளைத்துவிட்டாள். அழுதுகொண்டே தங்கையைத் திட்டினாள். “சின்ன வயசுலேர்ந்தே அவளுக்கு எதுலயும் நிதானம் கிடையாதுங்க. ஓடிப்போய் விழுவா. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!” ஃபிட்டர் தலையாட்டினார். ஆட்டும்போது மனசுக்குள் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அப்படி இறங்கியதே அவருக்கு அசிங்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய தவறை வேறொருவர் தலையில் எல்லாருமாகச் சேர்ந்து வைக்கும்போது சும்மா இருப்பதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் இல்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் மனைவிக்குக் காய்ச்சல். அதனால் ஃபிட்டர் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அதுவரைக்கும் மனைவியோடுதான் போவார், வாசலருகிலேயே நின்றுவிட்டு வருவார். அன்றைக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார வேண்டியதாயிற்று. அவள் இடது கையால் தலை சீவிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்தது. எடுத்துக்கொடுத்தார்.

“மாமா, நேத்து முதலாளியம்மா வந்தாங்க. பழமெல்லாம் கொண்டாந்தாங்க. ஒரு பேப்பர்ல கைநாட்டு வாங்கிட்டுப் போனாங்க.”

“என்ன பேப்பர்?”

“கார்டைக் கழட்டினது நானான்னு கேட்டாங்க. ஆமாம்மா, நான்தான்னு சொன்னேன். அதைத்தான் எழுதியிருக்காங்க. இடது கையில பேனா பிடிக்க வரல. கட்டை விரலை வச்சேன்.”

ஃபிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. “நீ எதுக்கு ஆமான்னு சொன்னே?”

“கழட்டினது நான்தானே மாமா? கழுத்துல மாட்டற கார்டு. போட்டோ, பேரெல்லாம் போட்டு கேட்டுல காட்டறதுக்குக் கொடுத்தாங்களே, அது. குனிஞ்சு வேலை செய்யறப்ப மெஷின் பக்கம் ஊசலாடுதுன்னு தினமும் கழட்டி ஆணியில மாட்டிட்டுத்தான் நிப்பேன். அது தப்பா மாமா? அதைப் போட்டிருந்தா விரல் போயிருக்காதா?”

அவள் வலது கையில் போட்டிருந்த கட்டுக்கு ஃபிட்டரின் பார்வை போனது.

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் மாமா ஒரு மாதிரி ஆயிட்டீங்க? வேற ஏதாவது கார்டு இருக்கா?”

இருக்கிறது. அவள் அந்த மெஷினுக்கு வந்தபோது அது அங்கே இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய பெல்ட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. ‘கை பத்திரம்’ என்று அத்தனை தடவை சொன்ன அவரும் அதை மட்டும் சொன்னதில்லை. பக்கத்து மெஷின்களில் மாட்டியிருந்த தகரப் பெட்டியை அவள் பார்த்திருப்பாள். நீள இலைக்கு ஒரு மாதிரி மெஷின், குட்டை இலைக்கு வேறு மாதிரி மெஷின் என்று நினைத்திருப்பாள். புதிதாக வந்தவள் வேறு எப்படி நினைப்பாள்?

“நாளைக்குச் சொல்றேன்மா,” என்றார். எழுந்து வந்துவிட்டார். அவ்வளவுதான் அன்று அவரால் முடிந்தது.

மறுநாள் காலை பட்டறைக்குள் நுழைந்ததும் மேனேஜர் எதிரே வந்தார். “டாக்டர், இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போயாச்சு. இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டார். குட்டை இலை மலையா குவிஞ்சு கிடக்கு. நடு மெஷின்ல அதைக் கழட்டிடுங்க. அம்மா சொல்லச் சொன்னாங்க.”

நடு மெஷின் பக்கத்தில் ஒரு புதுப்பெண் நின்றுகொண்டிருந்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். இலைச் சாறு பட்டால் அரிக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கைக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு, வேலை எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தாள். அவள் கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது. ஃபிட்டரைப் பார்த்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

ஃபிட்டர் டூல்ஸ் பையைக் கீழே வைத்தார். ஸ்பேனரைத் தொடவில்லை.

“கழட்ட மாட்டேன்,” என்றார்.

“என்னது?”

“கழட்ட மாட்டேன்னேன். வேற யாரையாவது கழட்ட விட்டா அவன் கையைப் பிடிச்சுக்குவேன். அம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. நான் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“எதுக்கு?”

“போன வாரம் அவர்கிட்ட ஒண்ணு மாத்திச் சொல்லிட்டேன். அதைச் சரி பண்ணணும்.”

ஆய்வாளர் அலுவலகத்தில் பத்தரை மணி வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டு தடவை எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். வேலை போய்விடும் என்று தெரியும். வழக்கு வரும் என்றும் தெரியும். அதைவிட, இன்று சாயங்காலம் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவரைத் தின்றது.

உள்ளே கூப்பிட்டார்கள். ஜலதோஷம் இன்னும் விடாத ஆய்வாளர் ஃபைலைப் புரட்டினார்.

“கார்டு இருந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“பொய் சொன்னேன் சார்.”

“அப்ப கழட்டினது யாரு?”

“நான்தான் சார். அந்தப் பொண்ணு அங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே கழட்டிட்டேன். விபத்து நடந்த அன்னைக்குச் சாயங்காலம் திரும்ப மாட்டினதும் நான்தான். அந்தப் பேப்பர்ல அவ கைநாட்டு வச்சிருக்கா. அவ சொன்னது கழுத்துல மாட்டற கார்டை சார்.”

ஆய்வாளர் அந்த வாக்குமூலத்தை எடுத்து மறுபடி படித்தார். ‘வேலையின்போது கார்டை நானே கழற்றினேன்.’ ஒரே வரி. எந்தக் கார்டு என்று அதில் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“நான் போய்க் கேட்டிருக்கணும்,” என்றார் மெதுவாக. “ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. பேப்பர் வந்ததும் ஃபைலை மூடிட்டேன்.” பிறகு பேனாவை எடுத்தார். “உங்க மேலயும் நடவடிக்கை வரும். தெரியும்ல?”

“தெரியும் சார். எழுதுங்க.”

அன்று மதியமே நடு மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். ஆய்வாளர் ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் நேராக விசாரித்துப் புது வாக்குமூலம் வாங்கினார். வழக்கு முதலாளியம்மா மேல் ஒன்று, ஃபிட்டர் மேல் ஒன்று. முதலாளியம்மா அதை மறுக்கவில்லை. “நான்தான் கழட்டச் சொன்னேன்,” என்று எழுதிக்கொடுத்துவிட்டு, ஃபிட்டரை வேலையில் வைத்துக்கொண்டார், அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். கார்டைக் கழற்றியது அவள் அல்ல என்று ஆகிவிட்டதால், அவளுக்குச் சேர வேண்டிய நஷ்டஈட்டுக்கும் இனி தடையில்லை.

வீட்டில்தான் கஷ்டமாக இருந்தது. ஃபிட்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மனைவி கேட்டாள். “ஒன்பது நாள் அவளை நான் திட்டினேன். அவ முகத்துக்கு நேரா திட்டினேன். நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டுத் தலையாட்டினீங்க. இல்ல?” அவர் ஆமாம் என்றார். அதற்கப்புறம் நான்கு நாள் அந்த வீட்டில் சோறு போடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

குட்டை இலை உரிக்க ஒரு பாதுகாப்பான வழி இல்லாமல் நடு மெஷினைத் திறக்க முடியாது என்று ஆய்வாளர் எழுதிவிட்டார். ஃபிட்டர் ஒரு நாள் காலை மரப்பட்டறைக்குப் போய் இரண்டு சட்டம் வாங்கிவந்தார். நீளக் கைப்பிடியோடு ஒரு இடுக்கி செய்தார். இலையின் நுனியை அது கவ்விக்கொள்ளும். இடுக்கி கார்டுக்குள் நுழைந்து உருளைக்குப் பக்கம் வரைக்கும் போகும். கைப்பிடியில் ஒரு குறுக்குக்கட்டை வைத்திருந்தார். அது கார்டின் வாயைத் தாண்டாது. கை எப்போதும் வெளியேதான். வழுக்குகிற நாரை விரலில் சுற்ற வேண்டிய தேவையே இல்லை. குட்டை இலை நுனி முதல் அடி வரை சுத்தமாக உரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்ட வேலை.

முதலாளியம்மா வந்து பார்த்தார். இடுக்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவரிடம் பேசினார்.

“இது அப்பவே தோணலையா ஃபிட்டர்?”

“யோசிக்கவே இல்லம்மா. கழட்டறது சுலபமா இருந்துச்சு.”

அந்த அம்மா மெஷின் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மின்னல் பட்டறைக்கு வந்தாள். நாரைத் தரம் பிரிக்கும் இடத்தில் அவளுக்கு வேலை கொடுப்பதாக முதலாளியம்மாவே வீட்டுக்கு வந்து கேட்டிருந்தார். தைக்கிற வேலை இனி நடக்காது. யோசித்துத்தான் சம்மதித்தாள். அக்காவோடு பேசுவாள். மாமாவோடு தேவைக்குப் பேசுவாள், அதற்கு மேல் இல்லை. ஃபிட்டரும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

அன்றைக்கு மேனேஜர் உற்சாகமாக இருந்தார். ஆய்வாளர் மறுபடி வரப்போகிறார் என்பதால் பெரிய போர்டு ஒன்று எழுதி வாங்கிவந்து நடு மெஷினுக்கு மேலே ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ‘கவனமாக வேலை செய்யுங்கள். உங்கள் கை உங்கள் பொறுப்பு.’ சிவப்பு எழுத்து.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் எல்லாரையும் பார்த்து. மின்னல் போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“இதை இறக்கிடுங்க சார்,” என்றாள்.

“ஏம்மா? உங்க நல்லதுக்குத்தானே?”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மூன்று மெஷினும் நின்றிருந்ததால் பட்டறை முழுக்கக் கேட்டது.

“நான் கவனமாத்தான் சார் இருந்தேன். ஒரு நாளைக்கு எண்ணூறு இலை உள்ள விடுவேன். எண்ணூறுல ஏதோ ஒண்ணுல, அடுப்பை அணைச்சோமான்னு ஒரு நொடி நினைப்பு வந்துடுச்சு. எந்த மனுஷருக்கு சார் வராது? உங்களுக்கு வந்தா கணக்குல ஒரு எழுத்து தப்பும், அழிச்சுட்டு எழுதிக்குவீங்க. எனக்கு வந்ததுக்கு மூணு விரல் போச்சு. அன்னைலேர்ந்து பார்க்கறவங்க எல்லாரும் என்கிட்டதான் கேட்டாங்க, கவனமா இருந்திருக்கக் கூடாதான்னு. எங்க அக்காவும் கேட்டுச்சு. அங்க ஒரு தகரப் பெட்டி ஏன் இல்லன்னு ஒருத்தரும் கேக்கல.”

மேனேஜர் சுத்தியலைக் கீழே இறக்கினார். முதலாளியம்மா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஃபிட்டர் தலை குனிந்து நின்றார்.

“எங்க கையை நாங்க பாத்துக்குவோம். யாரும் சொல்லித்தர வேணாம். ஆனா ஒரு நொடி கவனம் தப்பினாலும் கை தப்பிக்கிற மாதிரி மெஷினை வைக்கறது உங்க பொறுப்பு. அதைக் கழட்டி எறிஞ்சுட்டு, அப்புறம் எங்களைப் பாத்து ‘கவனமா இரு’ன்னு போர்டு மாட்டாதீங்க. அடிபட்டவங்களைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி, அவங்களுக்கு இருந்த காவலைக் கழட்டினது யாருன்னு கேளுங்க.”

சொல்லிவிட்டு அவள் தரம் பிரிக்கும் மேஜைக்குப் போய் உட்கார்ந்து, இடது கையால் முதல் கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். முதலாளியம்மா மெஷின் அருகே வந்து அந்தப் போர்டைத் தானே கழற்றினார்.